ஸ்கானில் ஒன்றும் இல்லையாம், ஆனால் நோ மட்டும் போகவில்லை

10.02.2024, பின்னேரம். கேள்வி: திருகோணமலை, உப்புவெளியில் இருந்து ஒரு தங்கச்சி

வயது 26. மாதவிடாய் வந்தால் முதல் இரண்டு நாளும் எழும்ப ஏலாது. சத்தி, முதுகு நோ, மலம் கழிக்கப் போனால் உயிர் போகுது. போன மாதம் ஸ்கான் பண்ணி 'நோர்மல்' என்று எழுதித் தந்துட்டாங்க. ஸ்கானில் ஒன்றும் இல்லையென்றால் வருத்தமும் இல்லை என்று மாமி சொல்றா. எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியுமா? அதுக்குக் காசு சேர்க்கிறதா, விடுறதா?

10.02.2024, இரவு

மாமி சொல்வது சரியில்லை. நான் பெண்நோயியல் கிளினிக்கில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். ஸ்கான் (ஒலியலையால் பார்க்கும் அல்ட்ராசவுண்ட்) அறையில் டொக்டருக்குப் பக்கத்தில் நின்ற காலம்தான் என் வேலைக்காலத்தில் அதிகம். டொக்டர் இல்லை நான். இங்கே எழுதுவதைப் பார்த்து யாரும் மருந்து தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும், அதாவது மாதவிடாயோடு வரும் கடும் நோ, சத்தி, மலம் கழிக்கும்போது நோ, எண்டோமெட்ரியோசிஸை நினைக்க வைக்கிறவை. கர்ப்பப்பையின் உட்படலம் போன்ற இழையம் வெளியே, வயிற்றுக்குள், சூலகத்தில், குடலின் மேல் படர்வது. பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இது சூலகத்துக்குள் இரத்தக் கட்டியாகத் திரண்டிருந்தால் ஸ்கானில் நன்றாகத் தெரியும், மங்கல் கண்ணாடி போல ஒரே சாம்பல் நிறமாக. ஆழமாக இறங்கியிருந்தால் அதைத் தேடிப் பழகிய கைக்குத் தெரியும். ஆனால் மேலோட்டமாக, சில மில்லிமீற்றர் அளவில் பொட்டுப் பொட்டாக இருப்பது சாதாரண ஸ்கானிலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யிலும் பெரும்பாலும் தெரியாது. சிறிய பொட்டுக்கும் பெரிய நோ வரும்.

ஐரோப்பிய மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டலில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டார்கள்: படத்தில் ஒன்றும் இல்லை என்பதைக் கொண்டு இந்த நோய் இல்லை என்று தீர்க்கக் கூடாது. அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கலாம். எல்லோருக்கும் வயிற்றில் துளை போட்டுப் பார்த்த பிறகுதான் என்ற காலம் போய்விட்டது.

என் சொந்தத் தங்கைக்கு இதே வருத்தம். கலியாணம் கட்டினால் சரியாகும், பிள்ளை பிறந்தால் சரியாகும் என்று சொல்லிச் சொல்லியே அவளின் இருபதுகள் முழுக்கப் போய்விட்டன. சொன்னவர்களில் வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களும் உண்டு. அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு.

இரண்டு விஷயம் சொல்லுங்கோ. எந்த ஸ்கான், வயிற்றுக்கு மேலாலா, உள்ளாலா (யோனி வழியாக)? டொக்டர் ஸ்கானுக்கு எழுதித் தந்த துண்டில் என்ன எழுதியிருந்தது, 'வயிற்று நோ' என்று மட்டுமா?

11.02.2024, காலை

இரவு வந்த பதில்: வயிற்றுக்கு மேலால்தான், துண்டில் 'அடிவயிற்று நோ' மட்டும்.

இதுதான் நான் பயந்தது. ஸ்கான் பண்ணுகிறவருக்கு அந்தத் துண்டுதான் கண். 'அடிவயிற்று நோ' என்றால் அவர் சிறுநீரகக் கல், குடல்வால், சூலகக் கட்டி என்று ஒரு சுற்றுப் பார்த்து முடிப்பார், வெளியே வாங்கில் வரிசை நிற்கிறது. 'மாதவிடாயோடு மட்டும் வரும் நோ, மலம் கழிக்கும்போது கூடும், கணவனோடு சேரும்போதும் நோ' என்று எழுதியிருந்தால் அவர் கர்ப்பப்பைக்குப் பின்னால் இருக்கும் இடத்தைத் தனியாகப் பார்ப்பார். உள்ளால் பண்ணும் ஸ்கானில் கருவியை மெல்ல அழுத்தி, கர்ப்பப்பையும் குடலும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி நகருதா, ஒட்டிப் பிடித்திருக்குதா என்று பார்க்க முடியும். இதற்குப் புதிய இயந்திரம் வேண்டாம், தேடுகிற கை வேண்டும்.

எம்.ஆர்.ஐ.க்குக் காசு சேர்ப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கோ. முதலில் கிளினிக்கில் வி.ஓ.ஜி. (பெண்நோயியல் விசேட) டொக்டரிடம் போய் நேற்று இங்கே எழுதியதை அப்படியே சொல்லுங்கோ. மலம் கழிக்கும்போது நோ என்பதைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். அந்த ஒரு வரிதான் அவருக்கு வழி காட்டும்.

11.02.2024, மத்தியானம்

"தண்ணி குடிச்சிட்டு வரச் சொன்னாங்க, பிறகு போய்ச் சலம் கழிச்சிட்டு வா என்றாங்க, இவங்களுக்கு ஒரு நிலை இல்லையா" என்று கேட்டவருக்கு.

இரண்டு ஸ்கானுக்கும் இரண்டு விதி. ஒலியலை காற்றைத் தாண்டாது. குடலுக்குள் இருப்பது காற்று. சலப்பை நிரம்பினால் குடலை மேலே தள்ளிவிட்டு, தானே ஒரு தண்ணீர்ச் சன்னலாக நிற்கும், அதனூடாகக் கர்ப்பப்பை தெரியும். வயிற்றுக்கு மேலால் பார்க்க அதனால் சலப்பை நிறைய இருக்க வேண்டும். உள்ளால் பார்க்கும்போது கருவி கர்ப்பப்பைக்குப் பக்கத்திலேயே போய்விடுகிறது, நிறைந்த சலப்பை அங்கே இடைஞ்சல். முதலில் மேலால், பிறகு உள்ளால் என்று இரண்டும் பார்த்திருப்பார்கள். ஏன் என்று சொல்லாமல் அலைய வைத்தது அவர்களின் பிழை.

மூதூரில் இருந்து லோஞ்சில் வந்து இறங்கிய நாட்களில், மடியில் சோடாப் போத்தலில் தண்ணீரோடு, கால்களை இறுக்கிப் பின்னிக்கொண்டு வாங்கில் இருந்த பெண்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறார்கள். முறை வருவதற்கு முன்னால் அடக்க முடியாமல் போய்க் கழித்துவிட்டு, திரும்பக் குடித்து, திரும்ப வரிசை. வீட்டிலிருந்தே குடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. முறை வர ஒரு மணி நேரம் இருக்கும்போது நாலைந்து கிளாஸ் தண்ணீர் போதும். அடக்க முடியாவிட்டால் கதவடியில் நிற்கும் தாதியிடம் சொல்லுங்கோ. நான் இருந்த காலத்தில் சொன்னவரை முன்னால் விட்டிருக்கிறேன்.

12.02.2024, இரவு

உள்ளால் பண்ணும் ஸ்கான் பற்றி நிறையப் பேர் தனியாக எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே.

கருவி ஒரு தடித்த பேனா மாதிரி நீளமானது. அதற்கு ஆணுறை போல ஓர் உறை புதிதாக மாட்டி, ஜெல் பூசி, மெல்ல உள்ளே வைப்பார்கள். முழுவதும் உள்ளே போகாது. தாதி கட்டாயம் பக்கத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் "மிஸ் ஒருவரைக் கூப்பிடுங்கோ" என்று கேட்பது உங்கள் உரிமை. இடுப்புக்குக் கீழே துணி போர்த்தியிருக்கும். நோந்தால் நிறுத்தச் சொல்லலாம், நிறுத்துவார்கள். எந்த இடத்தைத் தொடும்போது நோகிறது என்று சொல்வதும் அவருக்கு ஒரு விடைதான்.

இதன் அதிர்வெண் கூட. வயிற்றுக்கு மேலால் பார்ப்பது 2 முதல் 5 மெகாஹேட்ஸ், உள்ளால் பார்ப்பது பெரும்பாலும் 5 முதல் 9. அதிர்வெண் கூடக்கூடப் படம் கூர்மையாகும், ஆழம் குறையும். அதனால்தான் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறார்கள்.

கிண்ணியா ராத்தா கேட்டது: கலியாணமாகாத பிள்ளைக்கு என்ன செய்வது? கலியாணம் ஆகவில்லை என்பதல்ல விஷயம், உடலுறவு இல்லாத பிள்ளைக்கு இதைச் செய்வது வழக்கமில்லை. வயிற்றுக்கு மேலால் பார்ப்பார்கள். அது போதாவிட்டால் எம்.ஆர்.ஐ. இருக்கிறது, சில இடங்களில் மலவாசல் வழியாகவும் பார்ப்பார்கள். பிள்ளையிடம் கேட்காமல் தாயிடம் மட்டும் கேட்டு எதையும் செய்யக் கூடாது. பதினெட்டு வயதுப் பிள்ளையை அறைக்கு வெளியே வைத்துக் கதைத்து முடிவெடுத்த தாய்மாரிடம் நான் சண்டை பிடித்திருக்கிறேன்.

13.02.2024, காலை

நேற்று எழுதியதைத் திரும்ப வாசித்தால், உள்ளால் பண்ணுவதுதான் எல்லாவற்றுக்கும் மேல் என்று படும்போலத் தெரிகிறது. அதனால் இதையும் சேர்க்கிறேன். கர்ப்பப்பை, அதன் தசையில் வளரும் பெரிய பைப்ரொயிட் கட்டியோடு தொப்புள் வரை எழும்பியிருந்தால், உள்ளால் வைக்கும் கருவிக்கு அதன் உச்சி எட்டாது. அங்கே வயிற்றுக்கு மேலால் பார்ப்பதுதான் பெரிய படத்தைத் தரும்.

பைப்ரொயிட் என்றதும் அளவைக் கேட்டுத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். இடம் எது என்று கேளுங்கோ. கர்ப்பப்பைக்கு வெளிப்பக்கம் தொங்கும் தோடம்பழம் அளவுக் கட்டி ஒரு கரைச்சலும் தராமல் இருக்கலாம். உட்படலத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கட்டி இரத்தத்தைக் கொட்ட வைத்து ஹீமோகுளோபினை ஆறு, ஏழுக்கு இறக்கிவிடும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்குதா என்று சந்தேகம் வந்தால் கர்ப்பப்பைக்குள் கொஞ்சம் சேலைன் விட்டுக்கொண்டே ஸ்கான் பண்ணிப் பார்க்கும் முறை இருக்கிறது. கட்டி தண்ணீருக்குள் தனியாகத் தெரியும்.

14.02.2024, இரவு

திருக்கடலூரில் இருந்து ஒருவர்: "என்ர மனுசன் கேக்கிறார், இவ்வளவு ஸ்கான் எடுத்தா எக்ஸ்றே மாதிரிக் கதிர் அடிச்சு உடம்பு பழுதாகாதோ?"

மனுசன் கடலுக்குப் போகிறவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் அவருக்குச் சொல்வது சுகம். வள்ளத்தில் மீன் பார்க்கிற கருவி ஒலியைக் கீழே அனுப்பி, திரும்பி வருகிற எதிரொலியை வைத்து ஆழமும் மீன்கூட்டமும் காட்டுகிறதே, அதே வேலைதான். கதிர்வீச்சு இல்லை.

இதன் கதையும் போர்க்காலக் கடலோடும் வானோடும் பின்னியதுதான். இரண்டாம் உலகப் போரில் நமது திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை நின்றபோது, நீர்மூழ்கிகளைத் தேட ஒலியைத்தான் நம்பியிருந்தார்கள். அதே போரில் பிரித்தானிய விமானப்படையில் மருத்துவராக இருந்த இயன் டொனால்ட் ரேடாரையும் சோனாரையும் அங்கே அறிந்துகொண்டார். பிறகு கிளாஸ்கோவில் மகப்பேற்றுப் பேராசிரியரானார். 1955இல் ஒப்பரேஷனில் எடுத்த பைப்ரொயிட்களையும் சூலகக் கட்டிகளையும் கார் டிக்கியில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் வெடிப்பு இருக்குதா என்று பார்க்கும் ஒலிக்கருவி அங்கே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் அங்கே வைக்கப்பட்டது! நீர்க்கட்டி ஒரு மாதிரி எதிரொலி தந்தது, தசைக்கட்டி வேறு மாதிரித் தந்தது. இன்றைக்கு நம் றிப்போர்ட்டில் 'நீர்க்கட்டி', 'திண்மக்கட்டி' என்று பிரித்து எழுதுகிறார்களே, அதன் தொடக்கம் அந்த நாள்.

1958 ஜூன் மாதம் லான்செட் சஞ்சிகையில் ஜோன் மக்விகார், பொறியியலாளர் டொம் பிரவுன் ஆகியோரோடு சேர்ந்து எழுதினார். அந்த நாட்களில் அவர்களிடம் வந்த ஒரு பெண்ணுக்கு வயிற்றில் ஒப்பரேஷன் பண்ண முடியாத புற்றுநோய் என்று முடிவு கட்டியிருந்தார்கள். ஸ்கானில் பார்த்தால் பெரிய சூலக நீர்க்கட்டி. எடுத்தார்கள், பிழைத்தார். கர்ப்பத்துக் குழந்தையைப் பார்ப்பதற்கான கருவி என்றுதான் நம் ஆட்கள் ஸ்கானை நினைக்கிறார்கள். அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் ஒரு பெண்ணின் சூலகக் கட்டிக்கும் பங்கு உண்டு.

16.02.2024, பின்னேரம்

அவசரம். மேலே யாரோ எழுதியிருக்கிறார்: திடீரென்று ஒரு பக்கம் கொழுவிப் பிடித்த மாதிரி நோ, சத்தி, ஏற்கெனவே சூலகத்தில் கட்டி, நாளைக்கு ஸ்கான் சனல் பண்ணலாமா என்று.

நாளைக்கு இல்லை. இப்போதே ஓட்டோ பிடித்து வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குப் போங்கோ. சூலகம் முறுக்கிக்கொண்டால் இப்படித்தான் வரும். இரத்தம் போகாமல் மணித்தியாலக் கணக்கில் சூலகம் செத்துவிடும்.

16.02.2024, இரவு

போய்விட்டார், வார்டில் இருக்கிறார் என்று அவரின் அக்கா எழுதியிருக்கிறார். நல்லது.

இதில் ஸ்கான் பற்றி எல்லோரும் அறிய வேண்டியது ஒன்று. டொப்ளர் என்ற ஸ்கான் முறையில் சூலகத்துக்கு இரத்தம் ஓடுவது நிறத்தில் தெரியும். நிறம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. சூலகத்துக்கு இரண்டு வழியாக இரத்தம் வருகிறது, முறுக்கும் அரைகுறையாக இருக்கலாம். நான் நின்ற ஓர் இரவில் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று வந்தது. வீட்டில் கேஸ்ட்ரிக் என்று மருந்து குடுத்திருந்தார்கள். ஸ்கானில் சூலகம் வீங்கியிருந்தது, நிறமும் தெரிந்தது. டொக்டர் படத்தை ஒரு தரம் பார்த்தார், பிள்ளையின் முகத்தை ஒரு தரம் பார்த்தார், "தியேட்டரைத் தயார் பண்ணுங்கோ" என்றார். முறுக்கு இருந்தது. பிரித்துவிட்டதும் கறுத்திருந்த சூலகம் மெல்ல மெல்லச் சிவந்துகொண்டு வந்தது. காப்பாற்றியாகிவிட்டது.

19.02.2024, இரவு

தம்பலகாமத்தில் இருந்து ஒரு தாய். மகளுக்கு 15 வயது, மாதவிடாய் ஒழுங்கில்லை, ஸ்கானில் 'பொலிசிஸ்டிக்' (சூலகத்தில் பல நீர்க்கட்டி) என்று எழுதியிருக்கிறது, பிள்ளை பிறக்காதாம் என்று யாரோ சொல்லி வீட்டில் அழுகை.

அந்த யாரோ வாயை மூடட்டும்.

ஸ்கானில் தெரிவது நீர்க்கட்டியே இல்லை. முட்டை வளரும் சின்னப் பைகள், 2 முதல் 9 மில்லிமீற்றர். எல்லாப் பெண்ணுக்கும் இருக்கிறவை, சிலருக்குக் கூட. பதின்ம வயதில் அவை அப்படித்தான் நிறைய இருக்கும். அதனால் பூப்பெய்தி எட்டு வருடம் ஆகும் வரை பி.சி.ஓ.எஸ். என்ற இந்த ஹோர்மோன் வருத்தத்தைக் கண்டுபிடிக்க ஸ்கானைப் பயன்படுத்தவே வேண்டாம் என்பது சர்வதேச வழிகாட்டல், 2018இலும் சொன்னார்கள், 2023இலும் சொன்னார்கள். பெரியவர்களுக்கும் ஸ்கான் மட்டும் போதாது. 2003இல் ரொட்டர்டாமில் எடுத்த முடிவின்படி மூன்றில் இரண்டு வேண்டும்: ஒன்று, மாதவிடாய் ஒழுங்கின்மை; இரண்டு, ஆண் ஹோர்மோன் கூடியதன் அடையாளம் (முகத்தில் முடி, கடும் பரு, அல்லது இரத்தப் பரிசோதனையில் தெரிவது); மூன்று, ஸ்கானில் அந்தத் தோற்றம். முதல் இரண்டும் இருந்தால் ஸ்கான் தேவையே இல்லை.

இந்த வருத்தம் இருக்கிறவர்களில் பெரும்பாலானோருக்குப் பிள்ளை பிறக்கிறது, சிலருக்கு மருந்தின் உதவி தேவைப்படும். மகளிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கோ அம்மா. பதினைந்து வயதில் காதில் விழுந்த சொல் முப்பது வயது வரைக்கும் உள்ளே கிடக்கும்.

21.02.2024, காலை

சூலகத்தில் 4 சென்ரிமீற்றர் 'சிம்பிள் சிஸ்ட்' (சாதாரண நீர்க்கட்டி), வயது 31, ஒப்பரேஷன் தேவையா?

மெல்லிய சுவர், உள்ளே வெறும் தண்ணீர், தடுப்புச் சுவரோ திண்மமோ இல்லை என்றால், மாதவிடாய் நிற்காத வயதில் 5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தது பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் தானே வற்றிவிடும். மாதாமாதம் முட்டை வளரும் பைதான் வெடிக்காமல் நின்றது. திரும்பப் பார்க்கச் சொன்னால் மாதவிடாய் முடிந்த கையோடு போங்கோ. மாதத்தின் பிற்பகுதியில் போனால் புதிதாக வந்த இன்னொரு பையைப் பார்த்துவிட்டு 'இன்னும் இருக்கு' என்று பயந்துகொண்டு வருவீர்கள்.

5 முதல் 7 வரை வருடத்துக்கு ஒரு தரம் பார்ப்பார்கள். அதற்கு மேலே போனால் எம்.ஆர்.ஐ. அல்லது ஒப்பரேஷன் பற்றிக் கதைப்பார்கள். திண்மப் பகுதி, அதற்குள் இரத்த ஓட்டம், வயிற்றில் நீர் என்று எழுதியிருந்தால் அளவு பார்க்காமல் உடனே வி.ஓ.ஜி.யிடம்.

சூலகப் புற்றுநோய்க்காகப் பார்க்கும் சி.ஏ. 125 இரத்தப் பரிசோதனையைத் தாங்களாகப் போய் எடுக்க வேண்டாம். மாதவிடாய் நாட்களிலும் கூடும், எண்டோமெட்ரியோசிஸிலும் கூடும், பைப்ரொயிட்டிலும் கூடும். இன்னொருவர் "அறிகுறி இல்லாவிட்டாலும் வருடா வருடம் ஸ்கானும் சி.ஏ. 125உம் எடுத்தால் சூலகப் புற்றுநோயில் தப்பலாம்" என்று மேலே எழுதியிருக்கிறார். அது சரியில்லை. பிரித்தானியாவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நீண்ட காலம் பார்த்தார்கள், 2021இல் முடிவு வந்தது. அப்படித் தேடியதால் சாவு குறையவில்லை. வயிறு ஊதல், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைவு, அடிக்கடி சலம் போதல் ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகத் தொடங்கி விடாமல் இருந்தால் அது வேறு கதை. அப்போது ஸ்கான் கட்டாயம்.

24.02.2024, இரவு

"அம்மாவுக்கு 58. மாதவிடாய் நின்று ஏழு வருடம். போன கிழமை கொஞ்சம் இரத்தம் பட்டது, பிறகு நின்றிட்டு. வெக்கையாலயாக்கும்."

வெக்கையால் இல்லை. நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் காட்ட வேண்டும். உள்ளால் ஸ்கான் பண்ணிக் கர்ப்பப்பை உட்படலத்தின் தடிப்பை அளப்பார்கள். 4 மில்லிமீற்றர் அல்லது குறைவு என்றால் உட்படலப் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகவும் குறைவு. அதற்கு மேல் என்றால் ஒரு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும், அதற்காகப் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. மெல்லியதாக இருந்தும் திரும்பத் திரும்ப இரத்தம் பட்டால் அப்போதும் துணுக்கு எடுக்கத்தான் வேண்டும்.

நம் அம்மாமார் இதைச் சொல்லமாட்டார்கள். உள்பாவாடையைத் தாங்களே தோய்த்துக் காயப்போட்டுவிட்டு, மருமகளுக்கும் தெரியாமல் இருப்பார்கள். இந்தப் புற்றுநோய் இரத்தம் காட்டித்தான் பெரும்பாலும் தொடங்கும், அந்த நேரத்திலேயே வந்தால் கர்ப்பப்பையை எடுத்துச் சுகப்படுத்த நல்ல வாய்ப்பு உண்டு. எங்கள் வார்டுக்குப் பிந்தி வந்த அம்மாமார் பலரும் அந்த முதல் துளியை நன்றாக நினைவு வைத்திருந்தார்கள்.

28.02.2024, இரவு

சி.டி., எம்.ஆர்.ஐ. பற்றி. சி.டி. கதிர்வீச்சு உள்ளது, விரைவானது. கர்ப்பப்பை, சூலகத்தின் நுணுக்கத்தை அது அவ்வளவு காட்டாது. சூலகப் புற்றுநோய் வயிறு, நெஞ்சு என்று எங்கெங்கே பரவியிருக்கிறது என்று பார்க்க அதுதான் வழக்கம். எம்.ஆர்.ஐ.யில் கதிர் இல்லை. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் பக்கத்தில் எவ்வளவு போயிருக்கிறது, எண்டோமெட்ரியோசிஸ் குடலுக்குள் இறங்கியிருக்குதா, ஸ்கானில் பிடிபடாத கட்டி என்ன ஜாதி, கர்ப்பப்பைச் சுவருக்குள்ளேயே உட்படலம் புகுந்திருக்கும் அடினோமயோசிஸா, இவற்றுக்கு அது. ஒப்பரேஷனுக்கு முந்திய வரைபடம் என்று டொக்டர் கேட்டால் எடுங்கோ. நோ இருக்கிறது, என்னவென்று பார்ப்போம் என்று நீங்களாகப் போய் ஆயிரக்கணக்கில் கட்ட வேண்டாம்.

தங்கையை எம்.ஆர்.ஐ.க்கு வெளியூர் கூட்டிப்போனது நான்தான். உள்ளே விடமுன் உலோகம் எல்லாம் கழற்றச் சொன்னார்கள். தோடு, காப்பு, ஊக்கு கழற்றியவள் தாலிக்கொடியில் கை வைத்ததும் நின்றுவிட்டாள். கழற்றித் தராமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். நான் என் கைலேஞ்சியை விரித்துப் பிடித்தேன், அதில் வைத்து முடிந்து, அவள் வெளியே வரும் வரைக்கும் என் நெஞ்சுச் சட்டைக்குள் வைத்திருந்தேன். இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் வீட்டில் சாமித்தட்டில் கழற்றி வைத்துவிட்டு நூலைக் கட்டிக்கொண்டு வந்திருப்பாள். முஸ்லிம் சகோதரிகள் ஹிஜாபில் குத்தும் ஊசி, இடுப்புத் தாயத்து, உள்ளாடைக் கொக்கி, எல்லாம் இதில் சேரும். லூப் போட்டிருந்தால் சொல்லுங்கோ. செம்பு லூப் பெரும்பாலும் தடையில்லை, ஆனாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இயந்திரம் உரத்துத் தட்டும், அசையக் கூடாது, கையில் கூப்பிடும் பந்து தருவார்கள்.

03.03.2024, காலை

கருக்குழாய் எக்ஸ்றே பற்றிக் கேட்ட மூதூர்த் தங்கச்சிக்கு. கர்ப்பப்பைக் கழுத்து வழியாகச் சாயம் விட்டு, இரண்டு குழாயாலும் அது வயிற்றுக்குள் சிந்துதா என்று எக்ஸ்றேயில் பார்ப்பது. இரத்தம் நின்ற பிறகு, முட்டை வெளிவரும் முன்பு, ஏழாம் நாளில் இருந்து பத்தாம் நாள் வரை என்று பொதுவாகக் குறிப்பார்கள், கர்ப்பம் இல்லை என்ற உறுதிக்காக. சாயம் போகும்போது மாதவிடாய் நோ மாதிரி இறுக்கிப் பிடிக்கும், சில நிமிஷத்தில் விடும். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் நோ மாத்திரை எடுக்கலாமா என்று டொக்டரிடம் கேளுங்கோ. பயத்தில் குழாய் வாசல் சுருங்கினாலும் 'அடைப்பு' மாதிரித் தெரியும், அதனால் ஒரு படத்தை வைத்து எல்லாம் முடிந்தது என்று இருக்க வேண்டாம். பிறகு காய்ச்சலோ நாற்றமான வெள்ளையோ வந்தால் உடனே காட்டுங்கோ.

"சாயம் விட்டபிறகு பிள்ளை தங்குமாம்" என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நெதர்லாந்தில் பார்த்து 2017இல் வெளியிட்டார்கள்: எண்ணெய்ச் சாயம் விட்டவர்களில் நூற்றுக்கு 40 பேர் அளவில் ஆறு மாதத்துக்குள் கர்ப்பமானார்கள், தண்ணீர்ச் சாயத்தில் 29 பேர் அளவில்.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. உங்கள் மனுசனின் விந்துப் பரிசோதனை முடிந்ததா? முடியவில்லை என்றால் அதுதான் முதலில். ஒரு போத்தலில் எடுத்துக் கொடுக்கிற விஷயம். அதை அவர் மானப் பிரச்சினையாக்கிக்கொண்டு வருடக்கணக்கில் தள்ளிப்போட, பெண்ணைச் சாயத்துக்கும் ஒப்பரேஷனுக்கும் அனுப்பிய வீடுகளை நான் கண்டிருக்கிறேன். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

03.03.2024, இரவு

மனுசனோடு கதைத்துவிட்டாராம். அடுத்த கிழமை கொடுக்கிறாராம். சந்தோசம்.

09.03.2024, பின்னேரம்

உப்புவெளித் தங்கச்சி எழுதியிருக்கிறார். கிளினிக்கில் எல்லாம் சொல்லியிருக்கிறார், உள்ளால் ஸ்கான் பண்ணியிருக்கிறார்கள். இடது சூலகம் கர்ப்பப்பையின் பின்புறத்தோடு ஒட்டி நிற்கிறது, நகரவில்லை. கட்டி இல்லை. ஹோர்மோன் மாத்திரை தொடங்கியாயிற்று, மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எம்.ஆர்.ஐ. இப்போது வேண்டாம் என்றார்களாம். மாமியும் கூடப் போயிருக்கிறார்.

அந்த முதல் றிப்போர்ட்டை எறிய வேண்டாம் தங்கச்சி. பழையதோடு புதியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மாற்றம் தெரியும். ஸ்கான் படம் வருகிற அந்த மினுமினுப்புக் கடதாசி சூட்டுக்கு மங்கும். நம்மூர் வெயிலில் ஓட்டோ டாஷ்போர்டில் வைத்தாலே போதும், படம் போய்விடும். லமினேற் பண்ணினால் முழுக்கக் கறுத்துவிடும். ஒரு தாய் பத்திரமாக இருக்கட்டும் என்று லமினேற் பண்ணிக் கறுப்புத் தகடாகக் கொண்டுவந்து நீட்டினார், டொக்டரும் நானும் ஒன்றும் சொல்ல முடியாமல் நின்றோம். போட்டோகொப்பி எடுத்து வையுங்கோ, போனிலும் ஒரு படம். கடைசி மாதவிடாய் தொடங்கிய திகதியைப் பைலின் மேல் பென்சிலால் எழுதிக்கொண்டே வாருங்கோ. ஸ்கான் கட்டிலில் ஏறினதும் முதல் கேள்வி அதுதான், பாதிப் பேருக்கு அப்போது மறந்துபோகிறது.

11.03.2024, காலை

கந்தளாயில் இருந்து வந்த கேள்வி: வருடம் ஒரு தரம் ஸ்கான் பண்ணினால் கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்னாலேயே பிடிக்கலாமா?

முடியாது. புற்றுநோயாக மாற முன்னர் இருக்கும் மாற்றம் கலங்களில் இருப்பது, எந்த ஸ்கானிலும் தெரியாது. ஸ்கானில் தெரிகிற அளவுக்கு வந்தால் பிந்திவிட்டது. அதற்குப் பாப் பரிசோதனை, அல்லது இந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் எச்.பி.வி. வைரஸைத் தேடும் பரிசோதனை. கழுத்தில் இருந்து தூரிகையால் கலம் எடுப்பது, சில நிமிஷ வேலை. நம் இலங்கையில் 1996இல் இருந்து சுகவனிதையர் கிளினிக்குகளில் இலவசமாகச் செய்கிறார்கள். 35 வயதில் ஒரு தரம், 45இல் ஒரு தரம் என்று கூப்பிடுவார்கள். பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்கு 2017இல் இருந்து போடும் எச்.பி.வி. தடுப்பூசியும் இதே நோய்க்கு எதிரானதுதான், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் விட வேண்டாம். 35 தாண்டியும் போகாதவர்கள் உங்கள் பகுதி மருத்துவிச்சியிடம் எந்த நாளில் கிளினிக் என்று கேளுங்கோ. மாதவிடாய் இல்லாத நாளாகப் பார்த்து, அதற்கு முந்திய நாள் உள்ளே மருந்து எதுவும் வைக்காமல் போங்கோ.